விசாலம் மேடத்தின் புழு மடி

விசாலம் மேடத்தின் நம்பரிலிருந்து காலையில் போன் வந்தது. எடுத்தால் அவர் கணவரின் குரல். அண்ணாமலையார் கோயிலில் பூஜை செய்கிற குருக்கள் அவர். இத்தனை வருடப் பழக்கத்தில் என்னோடு போனில் பேசியதே இல்லை. “விசாலம் போயிட்டா செல்வி. விடியக்காலம் நெஞ்சு வலின்னா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சுடுத்து” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு, “மாடியில அது ஒண்ணு இருக்கே, அதுக்கு இன்னிக்கு யார் என்ன குடுக்கறதுன்னு தெரியல. நீங்க வரேளா?” என்று கேட்டார். அந்த அழுகையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பிராணியைப் பற்றி அவர் ஒரு முழு வாக்கியம் பேசி நான் கேட்டது அன்றுதான்.

வேங்கிக்கால் அலுவலகத்தில் மேடத்தோடு வேலை பார்த்தவர்களுக்கு ‘அது’ என்னவென்று தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அது ஓர் ஆஸ்திரேலிய ஓணான். பியர்டட் டிராகன் என்பார்கள். முழங்கை நீளம் இருக்கும், மணல் நிறம், பயந்தால் கழுத்துத் தாடியை உப்பவைத்துக் கறுப்பாக்கிக்கொள்ளும். மேடத்தின் மகன் அரவிந்த் சென்னையில் வேலை பார்த்தபோது கண்ணாடித் தொட்டியில் வளர்த்தது. ரெக்ஸ் என்று பெயர். வெளிநாட்டுக்குப் போகும்போது அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனான். ஒரு வாரத்தில் ரெக்ஸ், ரெங்குவாகிவிட்டான்.

மேடத்தை நினைத்தாலே எனக்கு முதலில் சாப்பாட்டு நேரம்தான் ஞாபகம் வருகிறது. நம் ஊரில் யாரைப் பார்த்தாலும் “சாப்பிட்டீங்களா?” என்று கேட்போம். அவர் அப்படிக் கேட்கவே மாட்டார். “என்ன சாப்பிட்டே?” என்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் இரண்டு பிஸ்கட் தின்று டீயும் குடித்துவிட்டு, “ஆச்சு மேடம்” என்று நழுவப் பார்த்தேன். விடவில்லை. “ஆச்சான்னு கேட்டா ஆச்சுன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. என்னன்னு கேட்டாதான் வண்டவாளம் தெரியும். உக்காரு” என்று தன் டப்பாவிலிருந்து பாதியை என் தட்டில் தள்ளினார். சர்க்கரை வந்த டிரைவருக்குக் கேழ்வரகு அடை வரும். பிள்ளை பெற்றுவிட்டு வேலைக்குத் திரும்பியவளுக்குப் பூண்டுக் குழம்பு வரும். அவர் வீட்டில் பூண்டே சேர்க்க மாட்டார்கள். அதற்கென்று தனிச் சட்டி வைத்திருந்தார்.

இப்படிப்பட்டவர் ரெங்கு விஷயத்தில்தான் சறுக்கினார். புழு பூச்சியும் கொடுக்க வேண்டும் என்று மகன் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனான். ஆனால் குருக்கள் வீடு. காலையில் மடியாக வேட்டி கட்டிக் கோயிலுக்குப் புறப்படுகிற மனிதர் கீழே இருக்கும்போது, மாடியில் உயிருள்ள புழுவை ஒரு பிராணிக்குத் தின்னக் கொடுப்பதா? “நம்ம வீட்டுக்கு வந்தா நம்ம சாப்பாடுதான். பழகிக்கும்” என்று முடிவெடுத்துவிட்டார். தயிர் சாதம், சுண்டல், வெண்பொங்கல் என்று நைவேத்தியம் எது வந்தாலும் அதற்கும் ஒரு உருண்டை போனது. கீரை நல்லது என்று தினமும் பசலையை நறுக்கி வைத்தார். அது பொங்கலைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, வேறு வழியில்லாமல் பசலையைத் தின்றது.

அரவிந்துக்கும் அவன் அப்பாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். பரம்பரையாக வந்த கோயில் பூஜை முறையைச் செய்ய மாட்டேன் என்று அவன் சொன்ன நாளிலிருந்து இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மாவிடமும் அதிகம் பேசத் தெரியாத பையன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவான். எடுத்ததுமே, “ரெக்ஸ் சாப்பிட்டானா?” என்பான். எனக்குக் கோபம் வரும். “பெத்தவளை ஒரு வார்த்த கேக்கறானா பாருங்க மேடம்” என்பேன். “யாரைக் கேட்டா என்ன செல்வி, கூப்பிடறானே” என்று சிரிப்பார். அவனுக்கு அவர் சொல்கிற பதில், “ஆச்சுப்பா.” ஊரையெல்லாம் என்ன என்ன என்று குடைந்தவர், மகனிடம் ‘ஆச்சு’ என்று நழுவிக்கொண்டிருந்தார்.

ரெங்குவின் பின்னங்கால் நடுங்க ஆரம்பித்தபோதுதான் என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். தொட்டியின் மூலையில் ஈரத்துணி போலக் கிடந்தது. துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் மாட்டு டாக்டரிடம் போனோம். அவர் சின்ன வயதுப் பெண். தாடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “எலும்பு மெத்துனு ஆயிடுச்சும்மா. என்ன சாப்பாடு குடுக்கறீங்க?” என்று கேட்டார். மேடம் சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் கண் விரிந்தது. சோறும் தயிரும் இதற்கு ஆகவே ஆகாது என்றார். பசலை தினமும் கொடுத்தால் உடம்பில் சுண்ணாம்புச் சத்து ஒட்டவிடாது, முருங்கைக்கீரை கொடுங்கள், செம்பருத்திப் பூவும் இலையும் கொடுங்கள், மஞ்சள் பூசணியைத் துருவி வையுங்கள், காலை வெயிலில் காட்டுங்கள் என்றார். கால்சியத்துக்குத் தனியாக மருந்தும் பொடியும் எழுதினார். கடைசியில், “வாரத்துக்கு ரெண்டு மூணு தடவையாவது புழு குடுத்தே ஆகணும். இல்லன்னா இது தாங்காது” என்றார்.

திரும்பும் வழியில் மேடம் அழுதார். அலுவலகத்தில் எத்தனையோ அதிகாரிகள் கத்தியபோதுகூட அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. “இது போயிடுச்சுன்னா அவன் எதுக்கு செல்வி எனக்கு போன் பண்ணுவான்?” என்று கேட்டார். பொய் சொல்லத் தோன்றாததால் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே கணவரிடம் விஷயத்தைச் சொன்னார். நானும் இருந்தேன். குருக்கள், “இந்த ஆத்துல ஜீவஹிம்சையா?” என்று ஒரே கேள்வி கேட்டார். மேடம் சண்டை போடவில்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவருடைய பட்டு வேஷ்டியைக் காட்டி, “இதுல எத்தனை புழு இருக்குன்னு நான் கேட்டிருக்கேனா?” என்றார். குருக்கள் வேஷ்டியைப் பார்த்தார், ஓணானைப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அதைச் சம்மதம் என்று மேடம் எடுத்துக்கொண்டார்.

புழுவுக்கு வழி என் தம்பியிடம் இருந்தது. செங்கம் பக்கத்தில் எங்கள் நிலத்தில் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறான். சின்னப் புழுக்களாக ஒரு டப்பாவில் கொடுத்தான். நான் அத்தோடு விடாமல், வேர்க்கடலை போட்டிருந்த எங்கள் மல்லாட்டைக் கொல்லையிலிருந்து வெட்டுக்கிளியும் பிடித்துக்கொண்டு போனேன். மேடம் வெட்டுக்கிளி டப்பாவைத் திறக்கவே இல்லை. “மருந்து அடிச்ச கொல்லையா?” என்றார். “எல்லாரும்தான் அடிக்கிறோம்” என்றேன். “அப்ப வேணாம். அது தின்னா இவனுக்கும் விஷம்தானே. நீ ஆசையா புடிச்சேங்கறதுக்காக அவன் சாக முடியுமா? அவனுக்கு என்ன வேணும்னு பாரு, நமக்கு என்ன குடுக்கப் புடிக்குதுன்னு பாக்காத” என்றார். இதைச் சொல்லிவிட்டு, “பொங்கல் குடுத்தவ பேசறேன் பாரு” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மடி என்றால் குளித்து, யாரும் தொடாமல் தனிக்கொடியில் உலர்த்திய துணியை உடுத்தி, பிறரைத் தொடாமல் இருப்பது. அந்த வீட்டில் பூஜைக்கும் சமையலுக்கும் அதுதான் சட்டம். மேடம் அதை அப்படியே தலைகீழாக்கினார். மாடியில் இன்னொரு கொடி கட்டினார். அதில் ஒரு பழைய ஊதா நைலக்ஸ் புடவை தொங்கும். அதைக் கட்டிக்கொண்டுதான் புழு டப்பாவைத் திறப்பார். கால்சியப் பொடியில் புழுவைப் புரட்டி இடுக்கியால் நீட்டுவார். ரெங்குவின் இரண்டு கண்ணுக்கு நடுவே உள்ள இடைவெளியைவிடப் பெரிய புழு என்றால் திருப்பி வைத்துவிடுவார். ரெங்கு நாக்கை நீட்டி லபக்கென்று வாங்கிக்கொள்ளும். முடித்ததும் மாடிக் குழாயிலேயே குளித்து, வேறு புடவை மாற்றித்தான் கீழே இறங்குவார். நடுவில் யாராவது மாடிக்கு வந்தால், “கிட்ட வராதீங்க, நான் புழு மடியில இருக்கேன்!” என்று கத்துவார். தெருவில் பூக்காரம்மா முதற்கொண்டு இந்தக் கத்தலைக் கேட்டிருக்கிறார்கள்.

ரெங்குவுக்குக் கால் நிற்க மாதங்கள் ஆயின. கார்த்திகைத் தீபத்துக்கு ஊர் முழுக்கக் கூட்டம் நெரிந்தபோது அது மொட்டை மாடியில் மலையைப் பார்த்துத் தலையைத் தூக்கி உட்கார்ந்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பக்கத்தில் இருந்தேன். அரவிந்த் வழக்கம்போல, “சாப்பிட்டானா?” என்றான். மேடம் ‘ஆச்சு’ என்று சொல்லவில்லை. பொங்கலில் தொடங்கிப் புழு வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவன் கோபப்படுவான் என்று நான் நினைத்தேன். “நீ புழு எடுத்துக் குடுத்தியாம்மா? நீயா?” என்று கேட்டுவிட்டு அவன் விசும்பியது ஸ்பீக்கரில் கேட்டது.

மேடத்தின் காரியங்களுக்கு அரவிந்த் வந்தான். அப்பாவும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மந்திரம் சொன்னார்கள். அதைத் தாண்டி ஒரு வார்த்தை இல்லை. ரெங்குவை என்ன செய்வது என்றுகூட அவன் என்னிடம்தான் கேட்டான். நான் பார்த்துக்கொள்கிறேன், ஞாயிற்றுக்கிழமை அம்மா நம்பருக்கே கூப்பிடு என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புழு டப்பாவோடு மாடி ஏறினேன். அந்தக் கொடியில் ஊதாப் புடவை தொங்கியது. தொட்டிக்கு முன்னால் பழைய அழுக்கு வேட்டியில் குருக்கள் உட்கார்ந்திருந்தார், கையில் இடுக்கி. முந்தின தடவை நான் வைத்துவிட்டுப் போன புழுக்களில் ஒன்று அதன் நுனியில் நெளிந்தது. நான் கிட்டப் போனதும், “தொட்டுடாதீங்கோ, புழு மடி” என்றார். நான் அப்படியே சுவரோரம் நின்று அழுதேன்.

மேடத்தின் போன் அடித்தது. இரண்டு கையிலும் பொடி என்பதால் என்னை ஸ்பீக்கரைப் போடச் சொன்னார். என் குரலை எதிர்பார்த்துத்தான் அரவிந்த், “ரெக்ஸ் சாப்பிட்டானா?” என்றான். குருக்கள், “முருங்கை ஒரு பிடி. செம்பருத்தி ரெண்டு. புழு இப்போதான் குடுத்துண்டிருக்கேன்” என்றார். அவர் புழுவை நீட்டினார், ரெங்கு வாங்கிக்கொண்டது. பிறகு போன் இருந்த பக்கம் கொஞ்சம் குனிந்து, “நீ என்னடா சாப்பிட்டே?” என்று கேட்டார்.

நான் சத்தமில்லாமல் கீழே இறங்கிவிட்டேன். ரெங்கு இனி அவரிடம்தான் இருக்கும். மேடத்திடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்தக் கேள்வி ஒன்றைத்தான். வீட்டுக்குப் போனதும், விடுதியில் படிக்கிற என் மகளைக் கூப்பிட்டேன். ‘சாப்பிட்டியா’ என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, “என்ன சாப்பிட்டே?” என்றேன். அவள் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.