வயர் கடிக்கும் பல்

அந்த வயர்மேனை எல்லோரும் ஷாக் என்றுதான் கூப்பிடுவார்கள். தொழிலால் வந்த பெயரல்ல, கோபத்தால் வந்தது. கிட்டே போனால் அடிக்கும்.

வேலை பழகிய நாளிலிருந்து வயரின் மேல்தோலை முன்பல்லால்தான் உரிப்பார். ஏணி உச்சியில் ஒரு கை சுவரைப் பிடித்திருக்கும், மறு கையில் வயர். மூன்றாவது கை வாய்தான். தோல் உரிக்கும் கட்டர் இடுப்பில் சும்மா தொங்கும். கடித்துக் கடித்தே மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு பிளந்துபோனது.

தாடை எலும்பில் திருகு இறக்கி அதன்மேல் பல் பொருத்தும் இம்ப்ளான்ட் சிகிச்சைக்குப் போனார். திருகு இறக்கி, தற்காலிகப் பல்லும் வைத்து அனுப்பினார்கள். சில வாரத்தில் அது ஆடியது. பிறகு திருகோடு கையில் வந்துவிட்டது. காகிதத்தில் பொதிந்து எடுத்துக்கொண்டு, மனைவி பின்னாலேயே ஓடிவர, கிளினிக்கில் நுழைந்தார்.

"என்ன வேலை டாக்டர் இது? நான் சுவத்துல இறக்குற ஸ்க்ரூ வருஷக்கணக்கா மீட்டர் பெட்டியையே தாங்குது. இது ஒத்தப் பல்லத் தாங்கல."

டாக்டரம்மா சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "எலும்பு திருகைப் பிடிக்க மாசக்கணக்காகும்னு சொன்னேனே. அங்க எதையும் கடிக்கலையே?"

"குழைஞ்ச சோறுதான் தின்னேன்."

"ஆமா டாக்டர், சோறுதான்," என்றாள் மனைவி. "தொட்டுக்க வயரு."

"நீ பாத்தியா?"

"சட்டை துவைக்கிறவ நான்தானே. பையில கலர் கலரா தோலு கெடக்குது. எல்லாத்துலயும் பல்லு பதிஞ்சிருக்கு."

வேலை செய்த வீட்டில் குப்பை போடக்கூடாது என்று உரித்த தோலையெல்லாம் பையில் போட்டுக்கொள்வது அவர் வழக்கம். அந்த ஒழுங்கே காட்டிக்கொடுத்துவிட்டது. அவருக்குக் காது மடல் சிவந்தது.

"ஈறு ஆறணும், எலும்பு வளரணும். சிகரெட்டை விடணும்," என்றார் டாக்டரம்மா. "அப்புறம் இன்னொன்னு வெக்கலாம். அதுவும் போச்சுன்னா, அடுத்ததுக்கு அங்க எலும்பு மிஞ்சாது."

வழி நெடுக டாக்டரை, மனைவியை, வயர் செய்தவனைத் திட்டினார். தன்மேல் வந்த கோபத்தை மட்டும் எங்கே இறக்கி வைப்பதென்று தெரியவில்லை. சிகரெட்டை விட்டார், கோபம் இரட்டிப்பானது.

புதுத் திருகு இறங்கியபின் முதல் நாள் வேலைக்குக் கிளம்பும்போது, மனைவி கட்டரைக் கயிற்றில் கோத்து அவர் கழுத்தில் மாட்டினாள்.

"என்னடி இது, மாட்டுக்கு மணி கட்டுற மாதிரி?"

"மாடு சொன்னா கேக்கும்."

அன்று ஏணியில் நின்றபோது வயர் தானாக உதட்டுக்கு வந்தது. செப்பின் ருசி நாக்கில் பட்டது. குனிந்ததில் கட்டர் ஊசலாடி முகவாயில் இடித்தது. அப்படியே நின்றார். கட்டரால் உரிக்க இரண்டு கையும் வேண்டும், அதற்கு ஏணி சரியான இடத்தில் நிற்கவேண்டும். கீழே இறங்கி, மனைவியைத் திட்டிக்கொண்டே ஏணியை நகர்த்திப் போட்டு, மறுபடி ஏறினார். அன்றிலிருந்து ஒவ்வொரு வயருக்கும் ஒரு வசவு.

மாதங்கள் கழிந்து டாக்டரம்மா கருவியால் தட்டிப் பார்த்தார். "அசையல. எலும்பு நல்லாப் பிடிச்சிருக்கு. நிரந்தரப் பல்லு வெச்சிடலாம். ஆனா அதுலயும் வயர் கூடாது."

வெளியே வந்ததும் கழுத்துக் கயிற்றைத் தூக்கி மனைவியின் முகத்துக்கு நேரே காட்டினார்.

"நூல் நூலாப் பிரிஞ்சு தொங்குது. புதுசா ஒண்ணு மாத்தி வெக்கத் தோணாதா உனக்கு?"