பாகீரதி டீச்சர் வீட்டுத் தடாதகை

பாகீரதி டீச்சருக்கு அம்பத்தி நாலு வயசு. கல்யாணம் ஆகவில்லை. "ஏன் ஆகலை?" என்று கேட்காத வாய் மதுரையில் கிடையாது. பதில் சொல்லி அலுத்துப்போனவள், இப்போதெல்லாம் பூஜை அறையைக் கை காட்டிவிடுவாள். அங்கே ஒரு பித்தளை மண்டபம்: ஒரு முழ உயரம், நாலு தூண், மேலே குட்டி விமானம். கொள்ளுத் தாத்தா காலத்து வார்ப்பு. உள்ளே கட்டைவிரல் அளவில் வாளேந்திய ராணி, தடாதகை.

மீனாட்சியைத் தெரியாதவன் மதுரைக்காரனே இல்லை. ஆனால் எல்லாருக்கும் தெரிந்தது கல்யாண மீனாட்சி. இவள் கல்யாணத்துக்கு முந்தைய மீனாட்சி. யாகத் தீயிலிருந்து மூன்று மார்போடு எழுந்து வந்த பெண். பெற்றவர்கள் பதறியபோது, "ஆண்பிள்ளையைப்போல வளருங்கள், முடி சூட்டுங்கள். உரியவனைப் பார்த்ததும் மூன்றாவது தானே மறையும்" என்றது அசரீரி. கைலாயம்வரை படையெடுத்துப் போனாள், சிவனைப் பார்த்தாள், மறைந்தது. டீச்சர் வீட்டு ராணி இன்னும் கைலாயம் போகாதவள்.

டீச்சரையும் அப்பா அனந்தராமன் ஆண்பிள்ளையாகத்தான் வளர்த்தார். அவருக்குக் கொள்ளி வைத்ததும் அவள்தான். சொந்தபந்தம் முகத்தைச் சுளித்த அன்று, இந்த ராணி முன்னால் உட்கார்ந்துதான் அழுது தீர்த்தாள்.

இந்த வருஷக் கொலுவுக்கு மண்டபம் பளபளக்கணும் என்று ஆசை. வழக்கமாகப் புளி போட்டு அவளே தேய்ப்பாள். இப்போது மூட்டுவலி விடவில்லை. அவனியாபுரத்தில் பித்தளைக்கு மெருகு போடும் சங்கிலியிடம் கொடுத்தாள். நல்ல கைகாரர்தான். ஆனாலும் உள்ளே இருப்பது யார் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டாமா? மதுரையில் போய் இதைச் சொல்லணுமாக்கும் என்று இருந்துவிட்டாள்.

திரும்ப வாங்கப் போனாள். மண்டபம் தகதகவென்று நின்றது.

"பாருங்க டீச்சரம்மா! எண்ணெயும் சந்தனமுமா அம்புட்டு அழுக்கு அப்பிக் கெடந்துச்சு. ஆத்தா நெஞ்சுல வேற வார்ப்புப் பிசிறு ஒண்ணு துருத்திக்கிட்டு நின்னுச்சு. அரம் போட்டு நேர்த்தியா எடுத்துட்டேன்" என்றார் சங்கிலி.

டீச்சர் ராணியை எடுத்து விரலால் தடவினாள். வழவழவென்று இருந்தது. அடக் கடவுளே!

"அது பிசிறு இல்லை, சங்கிலி. அவ தடாதகை."

சங்கிலி ஒரு நொடி விழித்தார். வருஷம் தவறாமல் சித்திரைத் திருக்கல்யாணத்துக்கு மொய் வைக்கிற மனுஷன். முகம் வெளிறிவிட்டது.

"ஐயோ ஆத்தா! தெரிஞ்ச கதையாச்சே! இந்தக் கையாலயா அறுத்தேன்?" தலையில் அடித்துக்கொண்டார்.

சத்தம் கேட்டு அவர் மனைவி ஒச்சாயி ஓடி வந்தாள். விஷயம் தெரிந்ததும், "விடுங்க டீச்சர். ஆத்தா சிவனப் பாத்துருச்சுன்னு நெனச்சுக்கங்க. கல்யாணம் கூடிவந்துருச்சு, நல்லதுதான?" என்றாள்.

சமாதானமாகத்தான் சொன்னாள், பாவம். டீச்சருக்குச் சுருக்கென்று தைத்தது.

"இத்தனை வருஷமா எனக்குன்னு இருந்தவ ஒருத்திதான். அவளையும் கட்டிக் குடுத்துட்டேளா?"

நடுப்பட்டறையில் தேம்பித் தேம்பி அழுதாள். ஒச்சாயி வாயில் கை வைத்துக்கொண்டாள்.

டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பொட்டுப் பித்தளை வச்சு அதைத் திரும்பப் பத்த வைக்க முடியுமோ?"

"முடியும்மா. ஆனா அந்த எடத்துல நெருப்பக் காட்ட மனசு வரலை."

"நெருப்புலேர்ந்து வந்தவதானே, அவளுக்கு என்ன பயம்?" டீச்சர் இடுக்கியை எடுத்து ராணியை அவளே பிடித்துக்கொண்டாள். "பத்த வைங்கோ. அவ இன்னும் யாரையும் பாக்கலை."