குடும்ப ஜெபத்தில் வேதியியல்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பின்னர் கற்றவையெல்லாம் சபை வாசகசாலையில் தேடிப் படித்தவை. ஆகவே என் இளைய மகள் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு ஆயத்தமானபோது, அவளுடைய திருப்புதலை மேற்பார்வையிடும் தகுதி எனக்கு உண்டென்று நானே தீர்மானித்துக்கொண்டேன். அவளுடைய சம்மதத்தைக் கேட்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்வதே முறை.

நேரடியாக விசாரித்தால் அவள் சீறுவாள். "ஏட்டி, கெமிஸ்ட்ரி முடிச்சியா?" என்றால், "அப்பா, கொஞ்சம் வெளிய போங்க" என்பதே பதில். எனவே வேறு வழி கண்டேன். எங்கள் வீட்டில் மாலை ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். ஒருவர் ஜெபிக்கையில் மற்றவர் குறுக்கே பேசலாகாது, கண்ணையும் திறக்கலாகாது. மறுமொழிக்கு இடமில்லாத இத்தகைய மேடை எந்தத் தகப்பனுக்கு வாய்க்கும்?

"ஆண்டவரே, உம்முடைய அடியாள் இன்று மத்தியானம் முழுதும் செல்போனை நோக்கிக்கொண்டிருந்ததை நீர் கண்டீர்" என்று தொடங்குவேன். இயற்பியலில் எத்தனை பாடம் மிச்சம் என்பதையும் அவருக்கு அறிவிப்பேன்.

"கர்த்தருக்கிட்டயே கோள் சொல்லுத மனுசன் நீங்க ஒருத்தருதான்" என்பாள் என் மனைவி.

இத்துடன் நின்றிருக்கலாம். மூத்த மகன் பல ஆண்டுகளுக்கு முன் படித்த வேதியியல் கைடு ஒன்று பரணில் கிடந்தது. அதைத் தூசி தட்டி எடுத்து, அதிலிருந்த இரண்டு பாடங்களை நான்கு நாட்கள் அவளை மனப்பாடம் செய்யவைத்தேன்.

"இது எங்க புக்குலயே இல்லப்பா" என்றாள்.

"படிச்சது எதுவும் வீணாப் போவாது மக்ளே" என்று கம்பீரமாக உரைத்தேன்.

ஐந்தாம் நாள் பள்ளியில் திருப்புதல் தேர்வு. பாடத்திட்டம் எப்போதோ மாறிவிட்டதென்பது அன்று மாலைதான் எனக்குத் தெரியவந்தது. படிக்கவேண்டியதைப் படிக்க நேரமின்றி அவள் தேர்வில் பாதிக்குமேல் எழுதாமல் வந்திருந்தாள். பொதுத்தேர்வுக்கு இன்னும் பத்தே நாட்கள்.

"நான் இரணியல்ல அத்தை வீட்டுல இருந்து படிச்சிக்கிடுதேன்" என்று துணிகளைப் பையில் அடுக்கினாள். என் தொல்லை தாளாமல் மகள் வீட்டைவிட்டுப் போகிறாள் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

மறுநாள் மாலை எங்கள் வீட்டில் சபையாரின் ஜெபக்கூட்டம்; அது முடிந்தபின் அவள் புறப்படுவதாக இருந்தது. தேர்வெழுதும் பிள்ளையே ஜெபிக்கட்டும் என்றார் போதகர். அவள் எழுந்து நின்றாள்.

"அன்பின் பிதாவே, எங்க அப்பாவுக்காக ஸ்தோத்திரம். இல்லாத பாடத்த நாலு நாளு படிக்க வச்சாரு. அவர மன்னியும். பரீட்சை முடியது வர நான் கூப்பிடாம என் ரூம் பக்கம் அவர வரவிடாதேயும். அப்படி நடந்தா நான் அத்தை வீட்டுக்குப் போகல்ல. ஆமென்."

கூடியிருந்த அனைவரும் ஒரே குரலில் "ஆமென்" என்றனர். என் மனைவியின் ஆமென் தெருமுனைவரை கேட்டிருக்கும். நான் மட்டும் சொல்லவில்லை. போதகர் ஒரு கண்ணை மெல்லத் திறந்து என்னை நோக்கினார். பல்லாண்டுகள் சபைக் கமிட்டியில் அங்கம் வகித்தவன் ஒரு ஜெபத்தை மறுக்க இயலுமா? நானும் சொன்னேன். அன்றே பை அவிழ்க்கப்பட்டது.

அதன்பின் அவள் அறையைக் கடக்கையில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நடந்தேன். என் ஜெபங்களும் மிகவும் சுருங்கின. வேதியியல் தேர்வுக்கு முந்தின மாலை, குடும்ப ஜெபத்தில் அவள் முறை வந்தது.

"ஆண்டவரே, அப்பா சும்மதான் இருக்காரு. வந்து என்கிட்ட கேள்வி கேக்கச் சொல்லும். புது புக்கப் பாத்து மட்டும். சொந்தமா ஒண்ணும் சேக்கப்பிடாது."

அவள் முடிக்குமுன்பே நான் கண்ணைத் திறந்துவிட்டேன். அந்தப் பாவத்தை ஒப்புக்கொள்கிறேன். அவள் அறையில் நாற்காலி போட்டு அமர்ந்து, அச்சிட்டபடியே கேள்விகளை வாசித்தேன். ஏழாம் கேள்வியில் அவள் தயங்கினாள். விடை என் கண்ணெதிரே இருந்தது. நான் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் அவளே சொன்னாள்.