துணை நடிகைப் பட்டியலில் ஐந்தாவது பெயர்

சினிமா விருதுகளுக்கு யார் யார் பெயர் பரிந்துரைக்கப்படும் என்று முன்கூட்டியே சொல்வதில் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. இராமநாதபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார் நான். அந்தப் புத்தி எங்கே போகும்? விமர்சனத்துக்கு இத்தனை மதிப்பெண், படம் ஓடியதற்கு இத்தனை, முன்பு வாங்கிய விருதுக்கு இத்தனை என்று கட்டம் போட்டுப் பெயர்களைத் தேர்ந்தெடுப்பேன். தென்னிந்தியப் படங்களுக்கான பெரிய விருது ஒன்றில், பிரிவுக்கு ஐந்து பெயரை முதலில் அறிவித்துவிட்டு, பிறகு அவர்களில் ஒருவருக்குத்தான் விருது கொடுப்பார்கள். அந்த ஐந்தில் மூன்று எனக்குச் சரியாக வரும். அதற்கே காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிவேன்.

என் மதினி கட்டமெல்லாம் போடுவதில்லை. சிக்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் அண்ணனோடு மிளகாய் விவசாயம் பார்க்கிறார். பிளஸ் டூ வரை படித்தவர். வேலை முடிந்த நேரத்தில் போனில் படம் பார்ப்பார். பெரிய கதாநாயகர் வரிசையில் அவர் சொல்வது தவறும். அங்கே நடக்கிற கணக்கே வேறு. ஆனால் துணை நடிகர், துணை நடிகை வரிசையில் மூன்று வருடமாக அவர் சொன்ன ஒரு பெயர்கூடத் தப்பவில்லை.

எப்படி என்று ஒருமுறை கேட்டேன். ஒரு பிரபல நடிகை இடுப்பில் குடத்தோடு ஓடிவரும் காட்சியை எனக்குக் காட்டினார்.

"கொடத்துல பொட்டுத் தண்ணி இல்ல தம்பி. தண்ணி இருந்தா இப்படி ஓட முடியுமா? இது அஞ்சு பேருல வராது."

வரவில்லை. இன்னொரு நடிகரைக் காட்டி, "நாள் பூரா கதிர் அறுத்தவன் படியேறி வாரப்ப இடுப்புல கை வைக்காம வருவானா?" என்றார். அவரும் வரவில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் குழாயில் தண்ணீர் விடுகிற நாளில் நாலு சக்கரத் தள்ளுவண்டியில் ஆறேழு குடம் அடுக்கித் தள்ளிப் போகிறவர்கள். அவர்களுக்குக் கனம் தெரியும். விருதுக்கு நடுவராக உட்காருகிறவர்கள் குடம் தூக்கியிருக்க மாட்டார்கள்தான். ஆனாலும் பொய் எது என்று அவர்களுக்கும் எங்கோ உறுத்துகிறது போலிருக்கிறது. எனக்கு உறுத்தியதே இல்லை. மதினியின் கண்ணைப் பார்த்து எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

போன வருடம் சென்னையிலிருந்து நடத்தும் ஓர் இணைய இதழ் என்னிடம் உத்தேசப் பட்டியல் கேட்டது. சரியாக வந்தால் வாரா வாரம் சினிமா பற்றி எழுத இடம் தருவதாகச் சொன்னார்கள். நான் தரையிலேயே இல்லை. மதினியிடம் ஓடினேன். துணை நடிகைக்கு நான் வைத்திருந்த ஐந்தில் நான்கை ஒப்புக்கொண்டார். ஐந்தாவதாக ஒரு சின்னப் படத்தில் நடித்த புதுப்பெண்ணின் பெயரைச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு அதுதான் முதல் படம்.

"தண்ணியத் தூக்கிக்கிட்டு மேடு ஏறயில பேசுது பாருங்க. பேச்சு நடுவுல மூச்சு வாங்குது. எழுதுங்க, அது வரும்" என்றார். வாசலுக்கு வந்தபோது, "கொழாயடியில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், நான் சொன்ன பேரு பத்திரிகையில வருதுன்னு. மானத்த வாங்கிராதீக" என்று சிரித்தார்.

எழுதி அனுப்பினேன். இதழின் ஆசிரியர் போனில் அழைத்தார். "யாருங்க இந்தப் பொண்ணு? நாலு பேருக்குத் தெரிஞ்ச பேராப் போடலாமே" என்றார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை நான் எதிர்த்துச் சொல்லியிருக்கலாம். "சரிங்க சார்" என்று சொல்லி, அந்தப் பெண்ணின் பெயரை அடித்துவிட்டு ஒரு பிரபலத்தின் பெயரைப் போட்டேன். மதினி கேட்டபோது, "போட்டாச்சு மதினி" என்றேன். கட்டுரையைக் கேட்டபோது, சந்தா கட்டினால்தான் திறக்கும் என்று புளுகினேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பட்டியலை அறிவித்தார்கள். புதுப்பெண் பெயர் இருந்தது. நான் போட்ட பிரபலம் இல்லை. ஐந்துக்கு நான்கு பிரமாதம் என்று ஆசிரியர் பாராட்டி, வாராந்தரப் பக்கத்தையும் எனக்கே கொடுத்தார். வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் மதினியிடம் நானே சொல்லிவிட வேண்டும் என்று மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே ஊருக்குப் போனேன்.

பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் குழாயடி. அன்று தண்ணீர் விடுகிற நாள் என்பது எனக்கு மறந்தேபோனது. ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். மதினியும் இருந்தார்.

"ஏ ஆத்தா, பத்திரிகைக்காரரு வந்துட்டாரு! எங்க, நீங்க எழுதுனதைக் காட்டுங்க பாப்போம்" என்றார் ஒரு பெண்.

"டவர் இல்லையே" என்றேன்.

"இங்கன நல்லா எடுக்குமே!"

மதினியே கையை நீட்டினார். நான் கட்டுரையைத் திறந்து போனைக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

சத்தமாக வாசித்தார். முதல் பெயர், இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. ஐந்தாவதில் அவர் கண் நின்றது. நான் தரையைப் பார்த்தேன். மறுகணம் அதே குரலில், திணறாமல், போன் திரையில் இல்லாத அந்தப் புதுப்பெண்ணின் பெயரை வாசித்தார். அதோடு நிறுத்தவும் இல்லை. "இவர் தண்ணீர் சுமந்து மேடு ஏறும்போது நமக்கு இடுப்பு வலிக்கிறது. சுமையை நடித்துக் காட்டவில்லை, சுமந்திருக்கிறார்" என்று, நான் எழுதாத இரண்டு வரிகளையும் எழுத்து நடையிலேயே வாசித்து முடித்தார். இத்தனை நாளில் அப்படி இரண்டு வரி நான் எழுதியதில்லை. பெண்கள் மதினியின் முதுகில் தட்டிச் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே போனை அணைத்து என்னிடம் கொடுத்தார்.

வீட்டுக்குப் போகையில் தள்ளுவண்டியை நான் வாங்கிக்கொண்டேன். மதினி பக்கத்தில் நடந்து வந்தார். கொஞ்ச தூரம் போன பிறகுதான் கேட்டார்.

"அடிச்சது நீங்களா, அவுகளா?"

"அவரு கேட்டாரு. அடிச்சது நான்தான் மதினி. உங்க மானத்த வாங்கிட்டேன். மன்னிச்சிருங்க."

"எம் மானத்துக்கு என்ன? அத நானே பாத்துக்கிட்டேன்ல" என்றார். குரலில் கோபம் இல்லை. "வாரா வாரம் எழுதுற அந்தப் பக்கம் உங்களுக்குக் கெடச்சிருச்சா?"

கிடைத்துவிட்டது என்றேன். வெட்கமாக இருந்தது.

"அப்ப மொத வாரமே எழுதுங்க, அந்தப் புள்ள பேர எழுதிட்டு அப்புறமா அடிச்சேன்னு. எம் பேரெல்லாம் வேணாம். மொதப் படம் தம்பி அதுக்கு. யாரு யாரு என்னென்ன எழுதுறாகன்னு ஒண்ணு விடாமத் தேடித் தேடிப் பாத்திருக்கும்ல. ஒருத்தர் எழுதுனாருன்னாவது அதுக்குத் தெரியட்டும்."