சட்டை மாற்றச் சொல்லும் மருந்து

ராசா என்ற ஊரில் ஒரு பூச்சிமருந்துக் கடையின் விற்பனைப் பிரிவில் எனக்கு வேலை. தோட்டம் தோட்டமாகக் காரில் போய் மேனேஜர்களைப் பார்த்துப் பேச வேண்டும். அந்த ஆண்டு எங்களிடம் புது மருந்து ஒன்று வந்திருந்தது. புழு வளரும்போது தோலை உரிக்கும் அல்லவா, அதற்கு அதன் உடம்பிலேயே ஒரு ஹார்மோன் சுரக்கும். அதைப் போலவே வேலை செய்யும்படி ஆய்வுக்கூடத்தில் செய்த மருந்து இது. இலையோடு சேர்த்துத் தின்ற புழு, சட்டை மாற்றும் நேரம் வந்துவிட்டதென்று நம்பி இரை எடுப்பதை நிறுத்திவிடும். புதுச் சட்டை தயாராகும் முன்பே பழையதைக் கழற்றப் போய், பாதியில் சிக்கிச் செத்துப்போகும். தேனீக்கும், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனையின் பூவில் மகரந்தம் சேர்க்கும் வண்டுக்கும் ஒன்றும் ஆகாது.

லாபு ஊர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் செம்பனை இளமரங்களைப் பச்சைப் புழு அரித்துக்கொண்டிருந்தது. மேலே பட்டால் நெருப்பாய் எரியும் புழு. மேனேஜர் நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். மருந்தும் அடித்தார்கள். மறுநாள் காலையில் எனக்குப் போன் வந்தது.

போய்ப் பார்த்தேன். புழுக்கள் ஓலையில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றுகூடத் தின்னவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். மேனேஜருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"எல்லாம் உயிரோட இருக்கேம்மா."

"சாப்பாட்ட நிறுத்திருச்சு சார். சாவ இன்னும் ரெண்டு மூணு நாளாவும்."

"நாளைக்கு கோலாலம்பூர்லேருந்து டைரக்டர் வர்றாரு லா. பட்டினி கிடக்குற புழுவையா அவருக்குக் காட்டுறது?"

கங்காணி வேலை பார்க்கும் மண்டோரைக் கூப்பிட்டார். சாலையோரத்து மரங்களில் உள்ள புழுக்களை எல்லாம் கம்பால் தட்டி ஒரே இடத்தில் கூட்டி வைக்கச் சொன்னார். நான் வேண்டாமென்று சொல்லிப் பார்த்தேன். விளம்பரம் உங்களுக்குத்தானே என்று என்னை அடக்கிவிட்டார். மண்டோரும் வங்காளதேசத்துத் தொழிலாளர்களும் கையுறை போட்டுக்கொண்டு கூட்டினார்கள். சட்டைக்குள் புழு விழுந்த ஒருவர் மதியம் வரை தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் டைரக்டர் குளிர்சாதனக் காரிலிருந்து இறங்கி, நேரே குவியலிடம் வந்தார். மரத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் குனிந்து நின்றவர் ஒரு நியாயமான கேள்வி கேட்டார்.

"ஆடுதே, ஏன்?"

"உயிர் போய்க்கிட்டிருக்கு சார்," என்றார் மேனேஜர்.

அதில் பொய் ஒன்றும் இல்லைதான். டைரக்டர் குவியலுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். என்னையும் நிற்க வைத்தார்கள். எங்கள் முதலாளிக்கு அந்தப் படம் ரொம்பப் பிடித்துப்போய் விளம்பரத் தாளில் அச்சடித்துவிட்டார். மற்றத் தோட்டங்களுக்குப் புழு ஒழிப்பைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு லாபு மேனேஜருக்குக் கிடைத்தது.

அதற்குப் பிறகுதான் எனக்குத் தலைவலி. மருந்து வாங்கிய தோட்டமெல்லாம் அடித்த மறுநாளே படத்திலிருந்த மாதிரிக் குவியலைக் கேட்டது. சுவா ஊர்ப் பக்கத்து மேனேஜர் ஒருவர் மட்டும் பொறுமைசாலி. இலையைப் பாருங்கள் சார் என்று அவரை உள்ளே கூட்டிப்போனேன். புதுக் கடி ஒன்றும் இல்லை. நான்காம் நாள் மறுபடியும் போனோம். பாதித் தோல் கழன்ற நிலையில் புழுக்கள் கறுத்துச் சுருங்கித் தொங்கின. ஒன்றைக் குச்சியால் புரட்டி, நிஜமாகவே நல்ல மருந்து என்றார். இத்தனை மாதத்தில் அந்த வார்த்தையை அப்போதுதான் ஒரு தோட்டத்தில் கேட்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கார் வரை வந்தவர் கொஞ்சம் தயங்கினார்.

"உள்காட்டு மரங்களுக்கு ஒங்க மருந்தே போதும்மா. ரோட்டோரத்துக்கு மட்டும், அடிச்ச ஒடனே புழு செத்துக் கொட்டுமே, அந்தப் பழைய விஷம் கொஞ்சம் அனுப்பி வையிங்க."

"எதுக்கு சார்? அது வண்டையும் சேத்துக் கொன்னுருமே."

"நான் இலையப் பாப்பேன். வர்றவங்க தரையத்தானே பாப்பாங்க."

இரண்டுக்கும் ஆர்டர் எழுதிக்கொண்டு ராசாவுக்குத் திரும்பினேன். முதலாளி என்னை மெச்சினார்.