பட்டுக் கட்டி மில்லுக்குப் போன அக்கா

எங்கள் வீட்டில் யாரையும் எடுத்த எடுப்பில் நம்பும் வழக்கம் கிடையாது. பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலை அம்மா நகத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகுதான் அடுப்பில் ஏற்றுவார். அப்பாவுக்குத் திண்டுக்கல்லில் தேங்காய் மண்டி. தேங்காயைக் காதோரம் வைத்து ஆட்டி ஆட்டிப் பார்த்தே, மனிதர்கள் பேசும்போதும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்கும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. அப்படிப்பட்ட வீட்டுக்கு, அக்காவின் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒரு நாள் சாயங்காலம் யாரும் அழைக்காமலே வந்து நின்றார்.

அக்கா அப்போது எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தாள். கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் அவளுடைய வலது கால் சூம்பிப் போயிருந்தது. முழங்காலில் கையை ஊன்றித்தான் நடப்பாள். படிப்பு முடிந்ததும் என்ன செய்யப்போகிறாள் என்று அவளை யாரும் கேட்டதில்லை. கல்யாணம் ஆகுமா என்ற பயம் வீட்டில் எல்லோருக்கும் இருந்தது. கன்னிவாடியிலிருந்த தாய்மாமன் மகனுக்கு முறை உண்டு. ஆனால் மாமா எங்கள் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டதிலேயே அவருடைய பதில் தெரிந்துவிட்டது.

டீச்சர் வந்த காரியம் இதுதான். காலோ கண்ணோ சரியில்லாத பிள்ளைகளை, படிப்பு முடியும் முன்பே ஏதாவது ஒரு வேலை நடக்கும் இடத்துக்குக் கூட்டிப்போய்ப் பழக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அக்காவுக்கு ஓர் இடம் பார்த்து வைத்திருந்தார்.

"நூல் மில் ஆபீஸ்ல டெலிபோன் போர்டு இருக்கும்மா. வர்ற போனை உள்ள மாத்தி மாத்திக் குடுக்கணும், உக்காந்தே பாக்குற வேலை. சனிக்கிழமை சனிக்கிழமை நான் குதிரை வண்டியில கூட்டிட்டுப் போயிட்டுக் கொண்டாந்து விட்டுடறேன். பழகிப் பாக்கட்டும்."

"இதுல உங்களுக்கு என்ன டீச்சர்?" என்றார் அம்மா.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா."

அம்மாவுக்கு இதைவிடச் சந்தேகமான பதிலை யாரும் சொல்லியிருக்க முடியாது. ஒன்றும் இல்லாமல் ஒருத்தி வண்டி வைத்துக் கூட்டிப்போவாளா? அப்பாவும் தலையைச் சாய்த்தார். அம்மா சுற்றி வளைத்துக் கேட்க ஆரம்பித்தார். மில் மானேஜர் எந்த ஊர்? ஒட்டன்சத்திரம் பக்கம். வீட்டில் யார் யார்? மகன் ஒருவர் அதே ஆபீசில் கணக்குப் பார்க்கிறார். அவ்வளவுதான், அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. சரி, கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டார்.

டீச்சர் படி இறங்கியதும் அம்மா அப்பாவிடம் விளக்கினார். எங்கள் பக்கத்தில், பெண்ணுக்கு ஏதாவது குறை இருந்தால் மாப்பிள்ளை வீட்டார் பூவும் பழமுமாக நேரே வீட்டுக்கு வரமாட்டார்கள். கோவிலிலோ ஜவுளிக்கடையிலோ தற்செயலாகப் பார்ப்பதுபோல் பெண்ணைப் பார்த்துக்கொள்வார்கள். பிடிக்காமல் போனாலும் விஷயம் ஊருக்குத் தெரியாது. அந்த மாதிரிப் பெண் பார்க்கும் ஏற்பாட்டைத்தான் டீச்சர் போன், போர்டு என்று மூடி மறைக்கிறார் என்பது அம்மாவின் முடிவு. "நம்மகிட்டயே மறைக்கிறாக பாருங்க" என்று சொல்லும்போது அவர் குரலில் கோபத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம் இருந்தது.

சனிக்கிழமை வந்தது. அம்மா தன்னுடைய கல்யாணப் பட்டை அக்காவுக்குக் கட்டிவிட்டு, தலை நிறைய மல்லிகையும் கனகாம்பரமும் வைத்தார். டீச்சர் வாசலிலேயே திகைத்து நின்றுவிட்டார்.

"எதுக்கும்மா இவ்வளவு?"

"இருக்கட்டும் டீச்சர்" என்று அம்மா எல்லாம் தெரிந்தவர்போலச் சிரித்தார்.

துணைக்கு என்னையும் அனுப்பினார்கள். எனக்கு அப்போது எட்டு வயதுதான். ஆனால் சந்தேகப்படுவதில் அம்மாவுக்குச் சற்றும் குறைந்தவள் அல்ல. யார் யார் அக்காவை உற்றுப் பார்க்கிறார்கள், அவளை நடக்கச் சொல்லிப் பார்க்கிறார்களா என்று கவனித்து வந்து சொல்ல வேண்டும் என்பது எனக்கு இட்ட வேலை.

மில் ஆபீசில் அந்தப் போர்டு சுவரோரம் அலமாரி மாதிரி நின்றது. துளை துளையாக இருந்தது. முன்னால் கயிறுகள் தொங்கின. அதைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடி போட்ட அம்மாள், காதில் மாட்டும் கருவியை அக்காவிடம் கொடுத்தார். பூ இடித்தது. அக்கா கொஞ்சமும் தயங்காமல் பூவைக் கழற்றி என் மடியில் போட்டாள். அவள் பேசிய முதல் வார்த்தையைக் கேட்டு நான் திடுக்கிட்டேன். வீட்டில் வாய்க்குள்ளேயே முணுமுணுப்பவள், அங்கே கணீரென்று பேசினாள். வேறு யாரோ பேசுகிறார்களோ என்று நான் சுற்றும் முற்றும் பார்த்தேன்.

டீ கொண்டுவந்த மீசைக்காரர்தான் மானேஜர் மகன் என்று எனக்குத் தோன்றியது. அவர் எங்கள் பக்கம் திரும்பும்போதெல்லாம் முறைத்தேன். பாவம், மூன்றாவது வாரத்திலிருந்து எனக்கு மட்டும் பிஸ்கட்டும் சேர்த்துக் கொண்டுவந்தார். அதையும் சந்தேகத்தோடுதான் தின்றேன்.

முதல் சனிக்கிழமை வீடு திரும்பியதும் அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டார்.

"அக்காவ நடக்கச் சொன்னாகளா?"

"இல்லம்மா. உக்காரத்தான் சொன்னாக."

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று பயந்துபோனேன்.

பங்குனி வரை சனிக்கிழமைதோறும் இது நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஏன் இன்னும் பேச வரவில்லை என்று அம்மாவுக்குப் புதுச் சந்தேகம் முளைத்த சமயத்தில், டீச்சர் வருவதாகச் சொல்லி அனுப்பினார். அம்மா கேசரி கிளறினார். அப்பா மண்டியிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார்.

"நல்ல சேதிம்மா. மில்லுல சம்மதிச்சுட்டாங்க" என்றார் டீச்சர்.

அம்மா முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். "பையனுக்கு வயசு என்ன இருக்கும் டீச்சர்?"

"எந்தப் பையன்?"

"மானேஜர் மகன்தான்."

"அவருக்கு ரெண்டு குழந்தை இருக்கேம்மா. நான் வேலையைச் சொல்றேன். பரீட்சை முடிஞ்சதும் இவளுக்குப் போர்டு வேலை தர்றாங்க."

அம்மாவின் முகம் செத்துப்போனது. "சிங்காரிச்சு சிங்காரிச்சு அனுப்புனேனே. இப்பிடி ஏமாத்திட்டீகளே" என்றார்.

கதவோரம் நின்ற அக்காதான் பேசினாள்.

"டீச்சர ஒண்ணுஞ் சொல்லாதம்மா. அவுக மொதல்லயே வேலைன்னுதான் சொன்னாக. நீயாத்தான் வேற நெனச்ச."

"ஒனக்குத் தெரியுமா? தெரிஞ்சும் ஏன்டி வாயத் தொறக்கல?"

"தொறந்திருந்தா வெளிய விட்டிருப்பியா?" அக்காவின் குரல் மில்லில் கேட்ட அதே குரலாக இருந்தது. "எனக்கு அந்த வேல வேணும்மா."

அப்பா தலையைச் சாய்த்தபடியே இருந்தார். அம்மா அக்காவை வெகு நேரம் பார்த்தார். கடைசியில் அம்மா டீச்சர் பக்கம் திரும்பினார்.

"அங்க மத்தியானச் சோத்துக்கு என்ன பண்ணுவா?"

"கட்டிக் குடுத்தீங்கன்னா ஆபீஸ்லயே சாப்பிடலாம்மா."

"மோர்ச்சோறு புளிச்சிரும். புளிச்சோறுதான் சரி. தொட்டுக்க வெஞ்சனத்தத் தனியா வச்சுத் தாரேன்."

அதுவரை அழாமல் நின்ற அக்கா, அப்போதுதான் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கல்யாணம் நின்றுபோன துக்கம் அக்காவுக்குத் தாங்கவில்லை, அம்மாவானால் சோற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஓடிப்போய் அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"விடுக்கா. வேற மாப்ள வராமயா போயிருவான்?"

அக்கா என்னை இறுக்கிக்கொண்டு இன்னும் அதிகமாக அழுதாள். நான் அந்த மானேஜர் மகனை மனத்துக்குள் திட்டிக்கொண்டே அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.