கார் டிக்கியில் ஒட்டிய தமிழ்

சென்ற மாதம் புதிய கார் ஒன்று வாங்கினேன். புதியது என்பது எனக்குத்தான். காருக்கு நான் மூன்றாவது ஆள். அதன் பின்புறம் மின்னிய மாடல் பெயரை எடுத்தால்தான் வண்டி பார்க்கும்படி இருக்கும் என்றாள் மகள். பாகலூர் சாலையில் ஒரு கடையில் சூடான காற்றை ஊதி, எழுத்துக்குப் பின்னால் நூலை விட்டு இழுத்து, நான் டீயைக் குடித்து முடிப்பதற்குள் பெயரைக் கையில் கொடுத்துவிட்டார்கள். பெயிண்டில் ஒரு கீறல் இல்லை. இதே வேலையை என் குடும்பம் ஒரு காலைப்பொழுது முழுக்கச் செய்ததைப் பார்த்தவள் நான்.

அப்போது நாங்கள் மூக்கண்டப்பள்ளியில் இருந்தோம். அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். ஓசூரில் பலரும் செய்வதுபோல எல்லைக்கு அந்தப் பக்கம், ஆனேக்கல்லில் ஒரு பழைய நீல நிறக் காரை வாங்கி, கர்நாடக எண்ணை மாற்றாமலே ஓட்டிக்கொண்டிருந்தார். மாற்றுவதென்றால் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும். அதற்குப் பதிலாக அவர் கண்டுபிடித்த வழி, டிக்கியில் பெரிய அலுமினிய எழுத்துகளில் ‘வாழ்க தமிழ்’ என்று ஒட்டிக்கொள்வது. எண் எந்த மாநிலத்துடையதாக இருந்தாலும் வண்டி யாருடையது என்று ஊருக்குத் தெரிந்துவிடும் அல்லவா? ஒட்டிக் கொடுத்தவர் அம்மாவின் தம்பி, என் மாமா. தொழிற்சாலையில் இரும்போடு இரும்பை ஒட்டுகிற பசையைக் கொண்டுவந்து ஒட்டிவிட்டு, “காரு போனாலும் போகும் அத்தான், எழுத்து போகாது” என்று சொல்லியிருந்தார். சில வருட வெயிலும் மழையும் அவர் சொன்னது சரிதான் என்று காட்டிவிட்டன.

அம்மாவின் தங்கையான சித்தி எங்களோடு தங்கி வேலைக்குப் போய்வந்தார். உடன் வேலை செய்த, எல்லைக்கு அந்தப் பக்கத்து அத்திப்பள்ளிக்காரர் ஒருவரைக் கட்டிக்கொள்ள விரும்பினார். அவர்கள் வீட்டில் கன்னடம். தாத்தா உயிரோடு இல்லாததால் முடிவு அப்பாவின் தலையில் விழுந்தது. அப்பா வெகுநாள் யோசித்து, அரை மனதோடு தட்டு மாற்ற ஒரு நாளை ஒப்புக்கொண்டார். நாள் நெருங்கியபோது காவிரித் தண்ணீருக்காக இரண்டு மாநிலங்களும் முறைத்துக்கொண்டன. பேருந்துகள் எல்லையோடு நின்றுபோயின.

“இந்த எழுத்தோட அந்தப் பக்கம் போனா ஒரு கண்ணாடி மிஞ்சாது. தள்ளிப் போடுவோம்” என்றார் அப்பா.

அப்பா தள்ளிப் போட்ட எந்தக் காரியமும் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. அது சித்திக்கும் தெரியும்.

“எழுத்த எடுத்துட்டாப் போலாம்ல அத்தான்?”

“எடு தாயி. ஆனா எழுத்தும் நெளியக் கூடாது, பெயிண்டும் போகக் கூடாது. ரெண்டுல ஒண்ணு நடந்தாலும் பயணம் இல்ல.”

தமிழ் மீதும் வண்டி மீதும் அவருக்கு இருந்த பற்று என்றுதான் நான் நினைத்தேன்.

குறித்த நாள் காலையில் மாமா திருப்புளியோடு வந்து, ‘வா’வின் அடியில் அதைக் கொடுத்து நெம்பப் போனார். சித்தி பாய்ந்து பிடுங்கிக்கொண்டார்.

“கீறிப்புட்டேன்னா அத்தான் சட்டையக் கழத்திட்டு உக்காந்துருவாருண்ணே!”

பிறகு வெந்நீரில் துணியை முக்கி எழுத்துகளின் மேல் ஒற்றி ஒற்றி எடுத்தார்கள். பசை இளகியதும் மீன் பிடிக்கிற நைலான் நரம்பை எழுத்துக்குப் பின்னால் நுழைத்து, ஆளுக்கொரு முனையாக மெல்ல அறுத்தார்கள். துணி ஆறியதும் பசை மறுபடி இறுகும். மறுபடி வெந்நீர் வரும்.

“ஒட்டும்போது என்ன ஜம்பம் பேசுன! இப்ப இழு” என்றார் சித்தி.

“தமிழுக்குன்னு ஒட்டுனேன் புள்ள. ஒன் கல்யாணத்துக்குன்னு தெரிஞ்சிருந்தா சோத்துப் பசையில ஒட்டிருப்பேன்.”

சித்தியின் விரல்களில் நரம்பு பதிந்து சிவந்திருந்தது. கடைசி எழுத்தும், இரண்டு ‘ழ்’களின் மேலும் உட்கார்ந்திருந்த தனிப் புள்ளிகளும் நெளியாமல் வந்தன. மிச்சமிருந்த பசையைத் தேங்காய் எண்ணெய் தடவி, நகம் படாமல் கட்டைவிரலால் உருட்டி எடுத்தார்கள். ஒரு கீறல் இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று. மற்ற இடமெல்லாம் வெயிலில் வெளுத்திருக்க, எழுத்துகளுக்கு அடியில் மட்டும் பழைய நீலம் அப்படியே இருந்தது. வெளிறிய டிக்கியில் பளிச்சென்று ‘வாழ்க தமிழ்’.

அப்பா சுற்றி வந்து பார்த்தார். “முன்னைக்கு இப்ப வாசிக்கத் தோதா இருக்கு” என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பொத்தானில் கை வைத்தார்.

சித்தி உள்ளே ஓடினார். தட்டில் வைக்கக் கரைத்திருந்த சந்தனத்தைக் கிண்ணத்தோடு எடுத்துவந்து, டிக்கியின் குறுக்கே அகல அகலமாகப் பட்டை இழுத்தார்.

“நல்ல காரியத்துக்குப் போற வண்டி. சந்தனம் பூசக் கூடாதா அத்தான்?”

அப்பா பொத்தானிலிருந்து கையை எடுத்தார். கிளம்பினோம்.

அந்தப் பக்கத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்ததில், இந்தப் பக்கம் ஒன்று இருப்பதை எல்லோரும் மறந்துவிட்டோம். ஜூஜூவாடி தாண்டுவதற்குள் நம்மூர் ஆட்களே காரை மறித்தார்கள். கர்நாடக எண் இருந்தது, தமிழ் இல்லை.

“எங்க போய்க்கினு இருக்கீங்க? எறங்குய்யா கீழ!”

அப்பா இறங்கித் தம் சொந்த ஊர்த் தமிழில் பேசிப் பார்த்தார். அதை அவர்கள் நம்பியதாகத் தெரியவில்லை. மாமா மடியிலிருந்த துணி மூட்டையைப் பிரித்து, அலுமினிய எழுத்துகளை ஜன்னல் வழியாக நீட்டினார்.

“தமிழு மடியிலதாண்ணே இருக்கு. பசை காயல.”

ஒருவன் சிரித்துவிட்டான். சிரித்த பிறகு மறிப்பது கஷ்டம், விட்டுவிட்டார்கள். எல்லை தாண்டியதும் அங்கே நின்ற கூட்டம் எண்ணையும் சந்தனத்தையும் பார்த்துவிட்டு, “ஹோகி, ஹோகி” என்று கையை வீசி வழிவிட்டது. அப்பா இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி வியர்த்தார்.

தட்டு மாற்றினார்கள். மாப்பிள்ளையின் அப்பா கன்னடத்திலும் என் அப்பா தமிழிலும் பேசிக்கொண்டார்கள். அதனால் சண்டை வரவில்லை. எனக்கு ஒப்பட்டு இரண்டு கிடைத்தது. நம் போளிதான், பெயர் மட்டும் வேறு.

கிளம்பும்போது எல்லோரும் காரில் ஏறிவிட்டோம். வழியனுப்ப வந்த மாப்பிள்ளையின் அம்மா காரின் பின்பக்கம் போய் நின்றார். வந்த வெயிலில் சந்தனம் காய்ந்து பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, நீல எழுத்துகள் தெரியத் தொடங்கியிருந்தன. உள்ளே போய்ச் சந்தனம் கரைத்துக் கொண்டுவந்து, இடப்பக்கம் தொடங்கி நிதானமாகப் பூசிக்கொண்டே போனார். பின்கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டைக்கு மேலே சித்தி பூசாமல் விட்டிருந்த இரண்டு நீலப் புள்ளிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இரண்டின் மேலும் குங்குமம் வைத்தார்.

அப்பா கண்ணாடியில் அதைப் பார்த்தபடி, சாவியில் வைத்த கையைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார்.

“என்னப்பா, வண்டி மக்கர் பண்ணுதா?” என்று கேட்டேன்.

“இல்ல” என்றார். பிறகுதான் சாவியைத் திருப்பினார்.

கன்னடக்காரர்கள் வீட்டில் காருக்கு இரண்டு பொட்டு வைப்பார்கள் என்று பள்ளியில் வெகுநாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.